கதிரொளியும் பொதுநிலமும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் புகைவண்டியில் செல்வோர், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்ப் பின்செல்வதைக் காண்பர். வண்டி மின்சாரத்தால் ஓடுகிறது. புகை போய்ப் பல்லாண்டுகள் ஆயினும் பெயர் மட்டும் நம் நாவில் நின்றுவிட்டது. இருமருங்கிலும் கரும்பும் நெல்லும் மணிலாவும் விளைந்திருக்கும். அவற்றின் நடுவே உழவு காணாத நிலங்களும் தென்படும். நான்கைந்து பனைகளும், வேலிகாத்தான் புதர்களும், மேய்கின்ற சில ஆடுகளுமே அங்கு உள்ளவை. ‘சும்மா கிடக்கும் இந்நிலத்தில் கதிரொளித் தகடுகளைப் பரப்பினால் என்ன?’ என்ற எண்ணம் பார்ப்பவர் உள்ளத்தில் எழுவது இயல்பே.

அவ்வெண்ணம் தவறானது அன்று. பழைய தென்னார்க்காட்டு மக்கள் மின்சாரத்தின் விலையை நன்கு அறிந்தவர்கள். 1956ஆம் ஆண்டு நெய்வேலி நிறுவனம் தோன்றியது. பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் பல இடம் பெயர்ந்தன. கதிரவனிடம் மின்சாரம் பெறுவதற்கு நிலத்தைத் தோண்ட வேண்டுவதில்லை. சாம்பலும் இல்லை, புகையும் இல்லை. 2030ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி முதலியன சாராத மின்னாக்கத் திறனை 5 இலட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதாக, 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உலகுக்கு உறுதி கூறியுள்ளது. ஆனால், ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. அத்துணை நிலத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் தேடும்போது, அவர்கள் கண்ணில் முதலில் படுவது புறம்போக்கு நிலமே.

புறம்போக்கு என்பது வசைச்சொல்லாய் இன்று இழிந்து கிடக்கிறது. வரிக்கணக்கின் புறத்தே, ஊரார் பொதுப் பயனுக்காக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஏரி, ஓடை, மந்தைவெளி, மேய்ச்சல்நிலம், சுடுகாடு எல்லாம் அதனுள் அடங்கும். சொந்தமாய் ஒரு காணி நிலமும் இல்லாதவன் இரண்டு ஆடுகளை வளர்க்க முடிகிறது என்றால், அது அந்நிலத்தின் கொடை. இத்தகைய ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு மக்களின் பொதுப்பயனுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அது வெறும் நிலமாயின் நீதிமன்றம் இவ்வளவு கவலை கொண்டிருக்குமா?

தரிசு என்னும் சொல் நம்மை எவ்வாறு ஏமாற்றும் என்பதற்குத் திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு நல்ல சான்று உண்டு. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி ஏரி, தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் சுற்றுப்புற ஏரிகளின் வடிநீர் வந்து நிறையும்; எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடல்நீரும் கலக்கும். நன்னீர் ஒருபுறமும் உப்புநீர் மறுபுறமுமாக இருத்தலின், இரண்டையும் நாடும் உயிர்கள் அங்கு வாழ்கின்றன. பூநாரையும் கூழைக்கடாவும், நெடுந்தொலைவு கடந்து வரும் வாத்துகளும் அங்கே இரை தேடும். ஆழம் மிகக் குறைவாதலால் கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும். வைகாசி மாதத்தில் வந்து பார்ப்பவன் அதனை வெடித்த களர்நிலம் என்பான். மார்கழியில் வந்தவனோ கடல் என்றே சொல்லக்கூடும். வைகாசியில் வந்தவன் எழுதிய கணக்கை நம்பினால் என்ன ஆகும்? நல்வேளையாக, 2021இல் தமிழக அரசு கழுவேலியில் 5,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

தகடுகள் மட்டுமே இடையூறு என்று கருதுதல் கூடாது. மின்சாரத்தை எடுத்துச் செல்லும் கம்பிகளும் உள. இராசத்தான் பாலைநிலத்தில் காற்றாலைகளும் கதிரொளிப் பண்ணைகளும் பெருகின. உடல் கனத்த கானமயில் முன்னே உள்ள கம்பியைக் காணாது பறந்து மோதி மடிந்தது. கம்பிகளைப் புதைக்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது; எல்லா இடத்தும் அது இயலாது என்று 2024இல் அக்கட்டளையைத் தளர்த்தி, ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. பறவையும் வேண்டும், ஒளியும் வேண்டும் என்னும் வழக்கு எளிதில் தீர்வதன்று.

அப்படியாயின் தகடுகளை எங்கே வைப்பது? முதலில் கூரைகளில் வைக்கலாம் என்பேன். விழுப்புரம் பெருந்திட்ட வளாகம், பேருந்து நிலையங்கள், பள்ளிகள், நெல் கிடங்குகள் ஆகியவற்றின் மேல் விழும் வெயில் எவருடைய மேய்ச்சலுக்கும் உரியதன்று. குசராத்தில் சந்திராசன் என்னும் ஊரருகே 2012இல் ஒரு வாய்க்காலின் மேலேயே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குத் தகடுகளை அமைத்தனர். நிலமும் மிஞ்சிற்று, நீர் ஆவியாவதும் குறைந்தது. கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட நிலங்கள் அடுத்து வரட்டும்.

கூரைகள் மட்டும் போதா என்பர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு; கூரையில் சிறிது சிறிதாக அமைப்பதற்குச் செலவும் மிகுதி. ஆதலின் ஓரளவு நிலமும் வேண்டியிருக்கும். கருநாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரை உழவரிடம் விலைக்கு வாங்காமல் குத்தகைக்கே எடுத்தனர். நிலம் உடையவர்க்கு ஆண்டுதோறும் பணம் வருகிறது, அது நன்றே. நிலமில்லாத கூலியாளுக்கும் ஆட்டுக்காரனுக்கும் அக்குத்தகையில் பங்கு ஏது? பொதுநிலத்தில் இக்கேள்வி இன்னும் கடுமையானது. அங்கே ஊரார் அனைவரும் உடையவர். ஆயினும் எவர் பெயரிலும் பட்டா இல்லை. எனவே, அளவுச்சங்கிலி வருமுன் ஊராரைக் கேட்க வேண்டும். மழைக்காலம் ஒன்றும் கோடை ஒன்றும் கழியும்வரை அந்நிலத்தைப் பார்த்தறிய வேண்டும். ஓராண்டு தாமதம் ஆகுமே என்றால், ஆகட்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய நிலம் ஒன்று இருக்கும். விடியலில் ஒரு நாளும் அந்தியில் ஒரு நாளும் அங்குச் செல்லுங்கள். சுள்ளி பொறுக்குவோர், மாடு ஓட்டி வருவோர், நீரருகே வந்திறங்கும் பறவைகள் ஆகிய அனைத்தையும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடும்போது, அந்த ஏட்டை உங்கள் பெற்றோரிடம் கொடுத்தனுப்பலாம்.