மூன்று நாற்காலியில் எங்களுக்கு இடமில்லை

என் நாட்டின் தலைமைப் பதவிக்கு நான் போட்டியிட முடியாது. கொலை செய்தேனா, கொள்ளையடித்தேனா? அப்பா செர்பியர், அம்மா போஸ்னியாக் முஸ்லிம். சரயேவோவில் பிறந்தேன், போர்க்கால முற்றுகையிலும் அங்கேயே கிடந்தேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

போஸ்னியாவுக்கு ஒரு தலைவர் கிடையாது, மூன்று பேர். போஸ்னியாக் ஒருவர், குரோஷியர் ஒருவர், செர்பியர் ஒருவர். நாடு இரண்டு பகுதியாகப் பிரிந்தது; முதல் இருவரும் கூட்டமைப்புப் பகுதியிலிருந்து, செர்பியர் ஸ்ரப்ஸ்கா பகுதியிலிருந்து மட்டுமே வரலாம். வேட்பாளர் தன் இனத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பாவைத் துடைத்தெறிந்து 'போஸ்னியாக்' என்று எழுதினால் நான் நிற்கலாம். அம்மாவை விட்டுவிட்டு 'செர்பியர்' என்றால், குடியிருப்பது கூட்டமைப்பிலுள்ள சரயேவோ என்பதால் அப்போதும் முடியாது. இருவருக்கும் பிறந்தவள் என்று உள்ளதைச் சொன்னால் கதவே இல்லை. ரோமா மக்களுக்கும் யூதர்களுக்கும் இந்தப் பொய்க்குக்கூட வழி கிடையாது.

இதை எங்கள் நாடாளுமன்றமா எழுதியது? 1995 நவம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரத்து விமானப்படைத் தளத்தில் உட்கார்ந்து, அமெரிக்காவும் ஐரோப்பாவுமான நீங்கள் முடித்த ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்புதான் எங்கள் அரசியலமைப்புச் சட்டம்! ஆங்கிலத்தில் எழுதினீர்கள். எங்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. போரை நிறுத்தினீர்கள், அதை மறுக்கவில்லை. மதுபான ஆலை வாசலில் பிளாஸ்டிக் கேன்களோடு தண்ணீருக்கு நின்றவள் அதை எப்படி மறுப்பாள்? மலைமேலிருந்து அடித்தது செர்பியப் படை. என் பக்கத்தில் கேனோடு நின்ற அப்பாவும் செர்பியர். அந்த மனிதர் இன்று உங்கள் கணக்கில் தப்பான ஊரில் வாழும் செர்பியர்.

ஸ்ரெப்ரெனிட்சாவைப் பாருங்கள். 1995 ஜூலையில் அதே செர்பியப் படை 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. அந்த ஊரையே டேட்டனில் ஸ்ரப்ஸ்கா பக்கம் சேர்த்தீர்கள். முற்றுகையில் அங்கே காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் இலியாஸ் பிலாவ், பிறகு அங்கேயே வாழ்ந்தும், போஸ்னியாக் என்பதால் தலைமைப் பதவிக்கு நிற்க முடியவில்லை. கொன்றவன் கிழித்த கோட்டை நீங்கள் மை தொட்டுத் தடிமனாக்கினீர்கள், வேறென்ன சொல்ல?

நீதிமன்றத்துக்குப் போகாமலும் இல்லை. ரோமா இனத்தவரான செய்டிச்சும் யூதரான ஃபின்சியும் தொடுத்த வழக்கில், இது பாகுபாடு என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. எந்த இனமும் சொல்ல மாட்டேன், நான் குடிமகள் என்ற அஸ்ரா சோர்னிச்சுக்கு 2014இல், பிலாவுக்கு 2016இல் அதே தீர்ப்பு. அரசியலமைப்பில் ஒரு வரியும் மாறவில்லை.

உள்ளூர்த் தலைவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்கிறீர்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அந்த மூன்று நாற்காலியைப் பங்குபோட்டவர்கள் எப்படி ஒத்துக்கொள்வார்கள்? உங்களுக்கு அதிகாரம் இல்லையென்று மட்டும் சொல்லாதீர்கள். 1997இல் பான் நகரில் கூடி, சட்டம் போடவும் அதிகாரிகளை நீக்கவும் டேட்டன் ஒப்பந்தத்தை மேற்பார்வையிடும் உங்கள் உயர் பிரதிநிதிக்கு உரிமை கொடுத்தீர்கள். 2004இல் அந்தப் பதவியிலிருந்த பேடி ஆஷ்டவுன் ஒரே நாளில் ஏறக்குறைய 60 பேரைத் தூக்கினார் (போர்க்குற்றவாளிகளைப் பிடிக்க ஒத்துழைக்காதவர்கள், போகட்டும்). 2022 தேர்தல் நாளன்று, வாக்குப்பதிவு முடிந்த கையோடு, அதே பதவியிலிருந்த கிறிஸ்டியன் ஷ்மிட் தேர்தல் சட்டத்தையே மாற்றினார். அவசரம் வந்தால் ஒரே இரவில் ஓடுகிற பேனா, எங்கள் முறை வந்தால் மட்டும் காய்ந்துவிடுகிறது.

இதற்கிடையில் பிள்ளைகள் வளர்கிறார்கள். மத்திய போஸ்னியாவில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்; போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோஷியப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சில இடங்களில் வாசல்கூட வேறு வேறு. யாய்ட்சே நகரத்தில் இப்படி இன்னொரு பள்ளியைப் பிரிக்கப் பார்த்தபோது மாணவர்களே தெருவில் இறங்கித் தடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ரோஷத்தில் பாதி உங்களுக்கு இருந்திருக்கலாம்.

செய்டிச்-ஃபின்சி தீர்ப்பை நிறைவேற்றாமல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசல் திறக்காது என்றீர்கள். 2014இல் அந்த நிபந்தனையைத் தூக்கி ஓரமாக வைத்தீர்கள். 2022 டிசம்பரில் நாட்டுக்கு வேட்பாளர் தகுதியும் கொடுத்து மாலை போட்டீர்கள். யாரைக் கேட்டு வைத்தீர்கள் ஓரமாக?