எலும்புக்குப் புத்தூர்; அச்சத்துக்கு?

கை முறிந்தாலும் கால் பிசகினாலும் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து மக்கள் புத்தூருக்குப் பயணப்படுவது நெடுநாள் வழக்கம். ‘புத்தூர்க் கட்டு’ என்னும் பெயர்ப்பலகையைச் சென்னைத் தெருக்களிலும் காணலாம். அந்தப் புத்தூருக்கு மிக அருகில் உள்ள ஊர் நாராயணவனம். எலும்பு முறிந்தவர் அதைச் சொல்ல எவரிடமும் வெட்கப்படுவதில்லை. ஆனால் அதே வட்டாரத்தில் ஊசியைக் கண்டால் மயங்கி விழுபவரோ, நாய்க்கு அஞ்சித் தெருவையே மாற்றிக்கொள்பவரோ, தமக்கும் வைத்தியம் உண்டு என்று அறியாமலேயே வாழ்நாளைக் கழித்துவிடக்கூடும்.

இதெல்லாம் ஒரு நோயா என்று கேட்போர் உண்டு. அச்சம் எல்லோருக்கும் இயல்பே. ஆயினும் குறிப்பிட்ட ஒரு பொருளையோ சூழலையோ பற்றிய அச்சம், உள்ள ஆபத்தின் அளவை மீறி, மாதக்கணக்கில் நீடித்து, அன்றாட வாழ்வை முடக்குமானால் மருத்துவம் அதை ஒரு கோளாறாகவே கொள்கிறது. விளைவும் சிறியதன்று. ஊசிக்கு அஞ்சும் கருவுற்ற பெண் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார். நீரிழிவு உள்ளவர் இன்சுலினை மறுப்பார். நாய்க்கடிக்கு ஆளானவர் அதே அச்சத்தால் தடுப்பூசியைத் தவிர்த்து, வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால், அவரைக் காப்பது ஏறத்தாழ இயலாத செயல்.

மக்கள் இதற்கு ஒன்றுமே செய்யாமல் இல்லை. பயந்த பிள்ளைக்கு மந்திரித்துத் திருநீறு பூசுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். நாராயணவனத்துச் சுரைக்காய் சுவாமிகளின் சமாதியில் வணங்கி மனபாரத்தை இறக்கி வைப்போரும் உண்டு. இவற்றை எள்ளி நகையாடுவதால் பயனில்லை. கலங்கிய மனத்துக்கு ஆறுதல் தேவையே. ஆனால் ஆறுதல் பெற்ற பின்னும் அஞ்சிய பொருளை விட்டு விலகியே நடந்தால் அச்சம் தீராது. விலகும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி, மறுமுறையும் விலகவே கற்பிக்கிறது. முறிந்த எலும்பு அசைக்காமல் வைத்தால் கூடும். அச்சமும் அசைக்காமல் வைத்தால் கூடும், கூடிக்கொண்டே போகும்.

சிகிச்சை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் உணவருந்தும் வேளையில், முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்து அவன் அச்சத்தைப் போக்கினார். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958இல் வெளியிட்ட நூலில் இதற்கு முறையான வடிவம் தந்தார். குறைந்த அச்சம் தருவதிலிருந்து மிகுந்த அச்சம் தருவது வரை ஒரு படிவரிசை அமைத்து, ஒவ்வொரு படியாக ஏறச் செய்வது அம்முறை. சுவீடனின் லார்ஸ்-ஜோரான் ஓஸ்ட் 1989இல், அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் இதைச் செய்ய முடியும் என்று காட்டினார். மனநலக் கோளாறுகளில் இத்துணைக் குறுகிய காலத்தில், பெரும்பாலும் மாத்திரையின்றியே, தீரக்கூடியவை சிலவே.

அப்படியாயின் குறை எங்கே? படிவரிசையைக் கட்டுவது சொல்லால். அச்சத்தை உரைக்கும் சொல் மருத்துவரைச் சென்றடையாவிட்டால் முதற்படியே அமையாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தது. இன்றைய மருத்துவமும் விலங்கு, இயற்கைச் சூழல், இரத்தமும் ஊசியும், மூடிய இடம் போன்ற சூழல்கள் என வகுக்கிறது. வகை அறிவது வெறும் பட்டியலுக்காக அன்று. ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘உடம்பு கூசுகிறது’, ‘தலை சுற்றுகிறது’ என்பவை மூன்றும் ஒன்றல்ல. முதலாவது அச்சம், இரண்டாவதில் அருவருப்பு கலந்திருக்கலாம், மூன்றாவது இரத்த அழுத்தம் சரிவதன் அடையாளமாக இருக்கலாம். ஊசியைக் கண்டு மயங்குபவரிடம் ‘உடலைத் தளர்த்துங்கள்’ என்பது தவறான அறிவுரை. கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, பின் விட்டு, மீண்டும் இறுக்க அவருக்குக் கற்பிக்க வேண்டும். அப்போது அழுத்தம் உயர்ந்து மயக்கம் தடைப்படும். மூன்று சொற்களும் ‘பயம்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டால் சிகிச்சையே திசை மாறிவிடும்.

எல்லைப்புற வட்டாரத்தில் இந்தச் சுருக்கம் எளிதில் நிகழும். 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. புத்தூரும் நகரியும் நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, மருந்துச் சீட்டில் ஆங்கிலம். அவர்களுக்குத்தான் தெலுங்கு நன்றாகத் தெரியுமே என்று சொல்லப்படலாம். தெரியும். ஆனால் விலை பேசும் மொழி வேறு; உடம்பு கூசுவதைச் சொல்லும் மொழி வேறு. பின்னது பெரும்பாலும் தாய்மடியில் கற்றது.

இது சலுகை கேட்பதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு சார்ந்த மனநலச் சேவையைப் பெறுவதை உரிமையாக்கியது. நோயாளியின் ஒப்புதலைப் பெறுமுன் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். முதற்கதவு அது. ஆனால் நாயின் அருகே ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லத் தொலைபேசி மட்டும் போதாது.

தேவையானது பெரிய மனநல மருத்துவமனை அன்று. புத்தூர் வட்டாரத்து அரசு மருத்துவமனையில் இரு மொழியும் அறிந்து இம்முறையில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ செவிலியரோ ஒருவர். வாரத்தில் ஒரு நாள். இரு மொழியில் அச்சிட்ட ஒரு தாள். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதலே நாட்டில் நடப்பில் உள்ளது. அதன் வழியாகவே இதைச் செய்யலாம். அதுவரை, ஊசிக்கு அஞ்சும் பிள்ளையைக் ‘கோழை’ என்று அழைப்பதையாவது வீட்டார் நிறுத்த வேண்டும். கை முறிந்த பிள்ளையை எவரும் அப்படி அழைப்பதில்லை.