படம் எதற்காக எடுக்கப்பட்டது?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசலிலிருந்து இரண்டு பார்சல்கள் காணாமல் போயின. அம்மா இணையத்தில் ஒரு சிறிய கண்காணிப்புக் கேமராவை வாங்கிக் கதவருகே பொருத்தச் சொன்னார். பக்கத்து வீட்டாரின் கதவையோ சன்னலையோ அது படம்பிடிக்கக்கூடாது என்பது வீவக விதி. அதனால் தாழ்வாரம் மட்டும் தெரியும்படி நானே கோணத்தைச் சரிசெய்தேன். செயலியும் என் கைப்பேசியில்தான் இருந்தது.

அதன்பின் எந்தப் பார்சலும் தொலையவில்லை. ஆனால், வேறொன்று நடந்தது.

ஒருநாள் காலை மின்தூக்கியில் பக்கத்து வீட்டு மக்சிக்கைப் பார்த்தேன். “நேற்று அபாங் வீட்டுக்கு வர அதிகாலை மூன்று மணி ஆகிவிட்டது போலிருக்கிறதே” என்று அவருடைய மகனைப் பற்றி விளையாட்டாகச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. “கேமராவில் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். மாலையில் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருவது அவர் வழக்கம். அந்த வாரம் நாற்காலி வீட்டுக்குள் போய்விட்டது.

நான் எந்த விதியையும் மீறவில்லை. இருந்தும், ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அது என்ன தவறு என்பதுதான் புரியவில்லை.

இருட்டு மண்டபத்தில்

பல்கலைக்கழகத்தில் நான் எடுத்த ஒரு கலைப் பாடம் அதைப் புரியவைத்தது. சீனக் கலைஞர் அய் வெய்வெய்யும் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்களான ஜாக் ஹெர்சோக், பியர் டெ மேரோன் இருவரும் சேர்ந்து 2017ஆம் ஆண்டு நியூயார்க்கில் அமைத்த ‘ஹான்சல் அண்ட் கிரெட்டல்’ என்ற படைப்பைப் பற்றி அதில் படித்தோம். இது சுவரில் மாட்டிய ஓவியமன்று. பார்வையாளர் உள்ளே நடந்து சென்று உணரவேண்டிய நிறுவல் கலை.

இடம், பார்க் அவென்யூ ஆர்மரியின் பழைய ராணுவப் பயிற்சிக் கூடம். ஏறத்தாழ 55,000 சதுர அடிப் பரப்பு. உள்ளே நுழைந்தால் இருட்டு. தலைக்கு மேலிருக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் நம்மைப் படம்பிடிக்க, அந்தப் படம் நம் காலடியிலேயே தரையில் விழும். நாம் நகர்ந்த பிறகும் அது சற்று நேரம் அங்கேயே கிடக்கும். மேலே டிரோன்கள் பறந்துகொண்டிருக்கும்.

கதையில் வரும் பிள்ளைகள் வீடு திரும்ப வழி தெரியவேண்டும் என்று ரொட்டித் துணுக்குகளைப் போட்டுக்கொண்டே காட்டுக்குள் போவார்கள். பறவைகள் அவற்றைத் தின்றுவிடும். இந்த மண்டபத்தில் நம் தடத்தைத் தின்னப் பறவைகள் இல்லை. அடுத்த பகுதிக்குப் போனால், முக அடையாளத் தொழில்நுட்பம் நம் முகத்தை வைத்து, சற்றுமுன் எடுத்த படங்களிலிருந்து நம்மைத் தேடித் தரும். இதுவரை கவனிக்கப்பட்டவர், இங்கே மற்றவர்களைக் கவனிப்பவராகவும் மாறுகிறார்.

அய் வெய்வெய்க்குக் கண்காணிப்பு வெறும் கருப்பொருள் அன்று. 2011ஆம் ஆண்டு சீன அதிகாரிகள் அவரை 81 நாள் தடுத்து வைத்திருந்தபோது, அவர் தூங்கும்போதுகூடக் காவலர்கள் அருகிலேயே இருந்தனர். மறு ஆண்டு அவர் தம் வீட்டில் தாமே நான்கு இணையக் கேமராக்களைப் பொருத்தி, தம்மை உலகமே பார்க்கும்படி செய்தார். இரண்டு நாள் முடிவதற்குள் அதை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. பார்ப்பதைவிட, யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வதில்தான் அதிகாரம் இருக்கிறது என்பது எனக்கு அங்கே விளங்கியது.

அந்த மண்டபத்துக்கு வந்த பலர் பயப்படவில்லை. தரையில் படுத்தும் கைகளை விரித்தும் தங்கள் படம் விழுவதை ரசித்தார்கள். கண்காணிப்பை விளையாட்டாக்கிவிட்டது என்று விமர்சகர்கள் சிலர் குறைகூறினர். எனக்கு அதுவே அந்தப் படைப்பின் உண்மையான பாடமாகத் தோன்றுகிறது. படம் எடுக்கப்படுவது நமக்குப் பழகிவிட்டது. சில நேரம் பிடித்தும் இருக்கிறது. அதன்பின் அந்தப் படம் எங்கே போகிறது என்றுதான் நாம் கேட்பதில்லை.

நம் ஊரில்

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு முதல் வீவக புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் காவல்துறைக் கேமராக்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. 2021ஆம் ஆண்டிலேயே அவற்றின் எண்ணிக்கை 90,000ஐத் தாண்டியது. அதை 200,000க்கு மேல் உயர்த்தும் திட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தீர்க்க இவை உதவியுள்ளன. பின்னிரவில் வேலை முடிந்து தனியாக நடந்து வரும் என் அக்காவுக்கு அந்தக் கேமராக்கள் ஒரு தைரியம். அதனால் கேமரா வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை.

கேட்கவேண்டிய கேள்வியை டிரேஸ்டுகெதர் விவகாரம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. 2020ஆம் ஆண்டு அறிமுகமானபோது, அதன் தரவு கொவிட்-19 தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. 2021 சனவரியில், குற்றவியல் விசாரணைக்காகக் காவல்துறை அதைப் பெறமுடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு கொலை வழக்கில் பயன்படுத்தப்பட்டதும் தெரியவந்தது. பலர் வருந்தியது கொலை விசாரணையை எண்ணி அல்ல. ஒரு நோக்கத்துக்காக நம்பிக் கொடுத்தது இன்னொரு நோக்கத்துக்குப் போனதை எண்ணித்தான். மறு மாதமே சட்டம் திருத்தப்பட்டது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அனுமதி. மீறிப் பயன்படுத்துவோருக்கு $20,000 வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மக்கள் கேள்வி கேட்டதால் எல்லை தெளிவாக எழுதப்பட்டது.

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ஒரு நிறுவனம் தரவைச் சேகரிக்கும்போது நோக்கத்தைச் சொல்லவேண்டும்; தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது. ஆனால், அந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தனிச் சட்டமும் விதிமுறைகளும் உள்ளன. வீட்டுத் தேவைக்காகச் செயல்படும் தனிமனிதருக்கும் அது பொருந்தாது. அதாவது, எங்கள் வாசல் கேமராவுக்கு அதில் எல்லை எதுவும் இல்லை. அந்த எல்லையை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் தவறு

பார்சலைக் காக்க வைத்த கேமராவில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறார் என்று பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் அதைச் சொல்லியும் காட்டினேன். மக்சிக் அந்தத் தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் நினைத்ததில்லை. தம் வீட்டுக் கதை இன்னொருவரின் கைப்பேசியில் சேருவதைத்தான் அவர் விரும்பவில்லை.

‘ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் பயப்படவேண்டும்?’ என்று நம்மில் பலர் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான். அபாங் எதையும் ஒளிக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்தார், அவ்வளவுதான். இருந்தாலும், அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

இப்போது பார்சல் வைக்கும் இடத்தில் அசைவு இருந்தால் மட்டும் கேமரா பதிவு செய்யும்படி மாற்றியிருக்கிறேன். பழைய பதிவுகள் மூன்று நாளில் அழிந்துவிடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நண்பரின் படத்தைப் போடும் முன்னரும், புதிய செயலிக்கு அனுமதி கொடுக்கும் முன்னரும் நாம் கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள்தான்: இது எதற்காக எடுக்கப்பட்டது? யார் பார்ப்பார்கள்? எப்போது அழியும்?

மக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லி, ஒரு டப்பா குவே கொடுத்தார். நாற்காலி மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.