பூசணிக்கு எதுக்குய்யா சோலை மண்ணு?

கொடைக்கானல்ல தோட்டம் போடுற நண்பர்கள் சிலருக்கு ராட்சதப் பூசணி ஆசை வந்திருக்கு. தப்பில்லை. 2023ல அமெரிக்காவுல ஒருத்தர் 1,247 கிலோவுக்கு ஒரே காய் விளைய வச்சார். ஆனா அதுக்காக சோலைக்காட்டுக் கறுப்பு மண்ணை மூட்டை மூட்டையா அள்ளிட்டு வர்றீங்களே, அதைத்தான் சகிக்க முடியலை.

கறுப்பா இருந்தா சத்துன்னு யாருங்க சொன்னது? மழையில சுண்ணாம்புச் சத்து கரைஞ்சுபோன புளிப்பு மண்ணு அது. பூசணி கேக்குறது பி.எச். 6.5 பக்கம். நான் செய்யறது இவ்வளவுதான்: மண் பரிசோதனை, அதுல சொன்ன அளவு டோலமைட், அதுவும் விதைக்க ரெண்டு மூணு மாசம் முன்னாடியே. கூடவே நல்லா மக்கின மாட்டெரு, இலைமக்கு. கொடி கணுவுக்குக் கணு வேர் விடும். அதனால ஒரு குழியை மட்டும் இல்லை, பாத்தி முழுக்கத் தயார் பண்ணணும்.

மழைத்தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சு, மஞ்சளாறு, வரதமாநதிப் பக்கமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா விடுறது அந்தச் சோலை மண்ணுதான். 2013ல சரணாலயமா அறிவிச்ச காட்டுல மண் அள்ளறது சட்டப்படியும் குத்தம்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைச்சுடலாம் சாமி. காட்டுல தோண்டின குழியை எதுல மறைப்பீங்க?