கற்பனை நேர்காணலுக்குப் புள்ளிகளா?

பிரித்தானியாவின் ஓ.சி.ஆர். பரீட்சைச் சபை 2008 இல் தொடங்கிய ஏ.எஸ். ஊடகக் கற்கையில், புதியதோர் இசைச் சஞ்சிகையை வடிவமைப்பது மாணவர் செயற்றிட்டங்களுள் ஒன்றாக இருந்தது. அட்டை, பொருளடக்கம், இருபக்கக் கட்டுரை ஆகியவற்றை ஆக்க வேண்டியிருந்தது. படமும் எழுத்தும் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20 புள்ளிகள், ஆக்கத்துக்கு 60, மதிப்பீட்டுக்கு 20 என வழங்கப்பட்டன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலர் செய்தது என்ன? வகுப்புத் தோழனின் கையில் கிற்றாரைக் கொடுத்துப் படமெடுத்தனர், புனைபெயர் சூட்டினர், அவன் சொல்லாதவற்றைச் சொன்னதாக நேர்காணல் எழுதினர். எழுத்து சொந்தம், செய்தி பொய்!

பயிற்சிதானே என்பீர்கள். பயிற்சியில் படிவதே பின்னர் பழக்கமாகிறது. நான் அறிந்த ஆசிரிய பீடங்களில் இதைச் செய்தவருக்கு மறுநாள் நாற்காலி இராது.

1952 நவம்பரில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பிரித்தானியாவின் முதலாவது தனிப்பாடல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித் திரட்டிய விபரம் அது. விசாரித்து அறிந்ததே அப்பட்டியலின் பெறுமதி; எழுத்துருவும் நிறமும் அதற்குப் பின்னர்தான்.

2017 இல் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. எனினும் இத்தகைய செயற்றிட்டம் கொடுக்கும் ஆசிரியர் எவரிடமும் என் வேண்டுகோள் ஒன்றே: எந்த ஊரிலும் ஓர் உண்மையான பாடகர் இருப்பார். மாணவரை முதலில் அவரிடம் அனுப்புங்கள். அட்டையைப் பிறகு பார்க்கலாம்.