காருக்கு விலை உண்டு, கைகளுக்கு?

பழைய கார், புதுப் பளபளப்பு, மலைக்க வைக்கும் விலை! ஜென்சன் இண்டர்செப்டர் என்னும் பிரிட்டிஷ் காரைப் புதுப்பித்து விற்போர் தரும் விளம்பரத்தின் சாரம் இதுதான்.

சீமான்கள் நெடுந்தூரம் சொகுசாகப் பறந்திட 1966-ல் பிறந்த கார் அது. உருவம் தந்தது இத்தாலி. எஞ்சின் தந்தது அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனி. இரண்டையும் இணைத்து ஓட வைத்தவை, இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் தொழிலாளரின் கைகள்!

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மடமடவெனக் குடிக்கும் காரை வாங்க ஆள் குறைந்தது. கம்பெனியின் இன்னொரு காரான ஜென்சன்-ஹீலியின் பழுதுகளும் சேர்ந்தன. கம்பெனி நொடித்தது, 1976-ல் உற்பத்தி நின்றது. எஞ்சினைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளியா? விலையை விதித்தவர் தொழிலாளியா? இல்லை! வேலை போனது யாருக்கு? தொழிலாளிக்கு!

இன்றைய விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! எஞ்சின் எண் இருக்கும். சேஸிஸ் எண் இருக்கும். முன்பு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் இருக்கும். துருவை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைத்தவர் யார்? இருக்கைக்குத் தோல் தைத்தவர் யார்? பெரும்பாலும் பேச்சே இராது!

பழையதைப் போற்றுவதை நாம் குறை கூறவில்லை. துருப்பிடித்த இரும்பை மீண்டும் ஓட வைப்பது அரிய கலை. அதனால்தான் கேட்கிறோம்: காருக்கு வரலாறு எழுதுவோரே, கைகளுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா? உடையவர் பட்டியலுக்குப் பக்கத்திலே உழைத்தவர் பட்டியலும் இடம்பெறட்டும்!