வாசிப்பவரே வாத்தியாராகட்டும்

மொரீஷியஸ் தீவின் செகா ஆட்டத்துக்கு உயிர்நாடி ரவான். மர வளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய அகன்ற மேளம். ஆட்டம் தொடங்குமுன் அதை நெருப்பில் காட்டுவார்கள். தொய்ந்த தோல் விறைத்த பிறகுதான் கை வைப்பார்கள். நம் ஊர்ப் பக்கம் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவதும் இப்படித்தான். செகா, கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் ஆட்டம். மேட்டுக்குடியினர் நெடுங்காலம் முகம் சுளித்த அதை யுனெஸ்கோ 2014இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்து ரீயூனியன் தீவின் மலோயா 2009இலேயே சேர்ந்துவிட்டது. அடிமைமுறை ஒழிந்த டிசம்பர் 20ஆம் தேதியை அந்தத் தீவு மலோயா ஆடித்தான் கொண்டாடுகிறது. அங்கே கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தோர் கோயில் தீமிதிக்கு இன்றும் தோல் மேளம் அடிக்கிறார்கள்.

தோல் மேளத்துக்கு அங்கெல்லாம் மதிப்பு கூடியதுபோல், தமிழ்நாட்டிலும் பறைப் பயிற்சிப் பட்டறைகள் பெருகிவிட்டன. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டறையில் யார் கற்றுத் தருகிறார், எதைக் கற்றுத் தருகிறார் என்பதுதான் என் கேள்வி. இரண்டு நாளில் நாலு அடவு பழக்கி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் போதாது. நெசவு ஊரான இளம்பிள்ளையில் சேலை டிசைன் மட்டும் தெரிந்தவரை யாரும் நெசவாளி என்பதில்லை. பாவு அறுந்தால் பிணைக்கத் தெரிய வேண்டும். பறையிலும் சட்டம் பொருத்துவது, புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டுவது, வெயிலும் தீயும் எவ்வளவு என்று விரலால் அறிவது எல்லாம் கலையோடு சேர்ந்த அறிவு. அது தலைமுறையாக வாசித்தவர்களின் கையில் இருக்கிறது. அவர்களே ஆசிரியர்களாக, முறையான சம்பளத்தோடு அமர வேண்டும்.

சாவு வீட்டில் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்ததால் சுயமரியாதைக்காகவே பலர் பறையைக் கீழே வைத்தார்கள். அதை மறுபடி ஏன் தூக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் இழிவு தோலில் இல்லை, ஒரு சாதியின் தலையில் மட்டும் அந்த வேலையைச் சுமத்தியதில் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறை வாசிப்பவரை ஆசான் என்று அழைத்து அவர் எதிரில் உட்கார்ந்து படிக்கும்போது அந்தச் சுமத்தலுக்கு இடமில்லாமல் போகும். கலை எல்லோருக்கும் பொது, வரலாற்றை ஏன் கிளற வேண்டும் என்போரும் உண்டு. பொதுதான். கரும்புத் தோட்டத்தை மறைத்துவிட்டுச் செகாவைச் சொன்னால், சுற்றுலா விடுதியில் வண்ணப் பாவாடை சுழல்வது மட்டுமே மிஞ்சும். இளம்பிள்ளையில் ஒரு பட்டறை நடத்த விரும்புவோர் முதல் நாள் காலையைத் தாளத்துக்கு ஒதுக்க வேண்டாம். வைக்கோல் தீயைச் சுற்றி உட்கார்ந்து, ஆசான் பேசுவதைக் கேட்க ஒதுக்கட்டும்.